தெருவுக்குச் சூடேற்றிய வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லையா" என்று கேட்டிருந்தாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பரண் வேலையில் மாட்டிக்கொண்டேன்.

குளிருக்கு வீட்டை எவ்வளவு போர்த்த வேண்டும் என்று அத்தான் கேட்டிருந்தாரே, அவரிடம் சொல்: முதலில் கூரைதான். சூடான காற்று மேலே ஏறிப் பரண் வழியாகத் தப்பிவிடுகிறது. எங்கள் பரணில், சூடு தப்பாமல் தடுக்கப் பரப்பியிருந்தது வெறும் 6 அங்குலப் பஞ்சு. கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. பனி பெய்த மறுநாள் தெருவில் நின்று ஒவ்வொரு கூரையாகப் பார்ப்பார். பனி கலையாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல வீடாம். எங்கள் கூரை நடுவில் வெறுமையாகக் கிடந்தது, ஓரத்தில் உருகி உறைந்த பனி விழுதுவிழுதாகத் தொங்கியது. "தெருவுக்கு நீதான் சூடேற்றுகிறாய்" என்றார்.

சூட்டை எவ்வளவு தடுக்கும் என்பதை 'ஆர்' என்ற எண்ணால் சொல்கிறார்கள், கூடினால் நல்லது. பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பஞ்சு ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர் 3.5 தாங்கும். கடுங்குளிருக்கு ஆர் 60, அதாவது 17 அங்குலம் வேண்டும். எங்கள் 6 அங்குலம் ஏறக்குறைய ஆர் 20. அதை 60 ஆக்கினால் அந்த வழியாகப் போகும் சூடு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதையும் 80 ஆக்கினால் மிச்சப்படுவது அற்பம். பஞ்சை அமுக்கவும் கூடாது, கூரை ஓரத்துக் காற்றுத் துவாரத்தை அடைக்கவும் கூடாது.

ஆனால் பஞ்சு போடுமுன் கீழேயிருந்து காற்று ஏறும் ஓட்டைகளை அடைக்க வேண்டுமாம். தாத்தா ஊதுபத்தி கேட்டார். அம்மா பெட்டியில் வைத்துவிட்ட பாக்கெட்டைப் பிரித்தேன். விளக்கு மாட்டிய இடத்தில் காட்டியதும் புகை வளைந்து விளிம்பு இடுக்குக்குள் நுழைந்தது. தாத்தா "பார், பார்" என்று குதிக்கிறார். எனக்கோ அந்த மணத்தில் நம் கூடம், நீ தலை துவட்டிக்கொண்டு நிற்பது, எல்லாம் வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

பஞ்சு மூட்டை வீட்டுக்காரர் வாங்கித் தந்தார், நிரப்பியது நான். கூலியை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அவராகத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. கூட இருந்த இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இப்போது இடம் தாராளம். ஹீட்டரை 17 டிகிரியில் வைக்கிறேன், எனக்கு அதுவே போதும்.

அப்புறம், அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும், இந்த மாதம்தான் கொஞ்சம் முன்பின் ஆகிறது. பெரியப்பா நிலப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், எனக்கு நகல் அனுப்பாமல் யாரும் போட வேண்டாம். சின்னவன் பரீட்சை எழுதினானா? அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

மூட்டை தூக்கிய கதையை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் தம்பி