அறுப்பின் பண்டிகையில் வாசிக்கப்படாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் மாவட்டத் திருச்சபைகளில் நடைபெறும் அறுப்பின் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை, அசன விருந்து ஆகியவற்றின் செய்திகளைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் படங்களுடன் வெளியிட்டு வருகிறது. தேவசெய்தி அளித்தவர் யார், அசனப் பந்தியில் எத்தனை பேர் அமர்ந்தார்கள், ஏற்பாடுகளைக் கவனித்த கமிட்டியார் யார் யார் என்பதெல்லாம் அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. பண்டிகையில் சேர்ந்த காணிக்கை அதன் பிறகு எந்த வழியில் போனது என்பது மட்டும் செய்தியிலும் வருவதில்லை; பல ஊர்களில் சபையாரின் காதுக்கும் முழுமையாக வந்து சேர்வதில்லை. கடவுள் கொடுத்த நன்மைக்கு நன்றி செலுத்துவதும், அந்த நன்மையைத் தகுந்தபடி பயன்படுத்துவதும் வேதாகமத்தில் ஒரே ஆராதனையின் இரண்டு பகுதிகளாக இருக்க, நாம் முதல் பகுதி முடிந்ததுமே பந்திக்கு எழுந்து போய்விடுகிறோம் என்று எனக்குத் தோன்றுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்பண்டிகையைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில வரிகள். அன்று சபையார் தங்கள் விளைச்சலின் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், தேங்காய்க் குலை, நெல் மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, கால் கட்டிய சேவல், சில இடங்களில் ஆட்டுக்கிடாய் என்று ஆலய முற்றம் நிறைந்துவிடும். நிலபுலம் இல்லாதவர்கள் வீட்டுக் கோழி இட்ட நாலு முட்டையையோ, கடையில் வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தையோ கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஒலிபெருக்கியில் குரல் உயர உயர, சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் ஆயிரங்களைத் தாண்டுவதும் உண்டு. எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாகக் கொடுத்துவிட, அதே பழம் மறுபடியும் ஏலத்துக்கு வருவதும் உண்டு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் வந்து சேருகிற நாள் அது. நானும் ஏலத்தில் சேவல் எடுத்தவன்தான். குழம்பு என்னவோ சந்தைச் சேவலின் குழம்பைப் போலத்தான் இருந்தது; ஆனாலும் அந்த உற்சாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உழைத்துக் கிடைத்த பலனில் ஒரு பங்கைக் கடவுளின் சந்நிதியில் வைத்துச் சந்தோஷப்படுவது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நல்ல வழக்கங்களில் ஒன்று.

இவ்வழக்கத்துக்கு ஆதாரமாக நாம் காட்டுவது வேதாகமத்தின் உபாகமம் என்ற நூலின் 26-ஆம் அதிகாரத்தை. அங்கே இஸ்ரவேலன் ஒருவன் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொடுக்கும்போது, தன் உழைப்பைப் பற்றியோ வயலின் வளத்தைப் பற்றியோ பேசுவதில்லை. தன் முற்பிதா நாடோடியாய்த் திரிந்ததையும், தன் ஜனங்கள் எகிப்தில் அடிமைகளாய் ஒடுக்கப்பட்டதையும், அவர்களுடைய கூக்குரலைக் கேட்டுக் கர்த்தர் அவர்களை வெளியே கொண்டுவந்ததையும் அறிக்கையிட்ட பிறகே, இதோ இந்த நிலத்தின் பலன் என்று கூடையைக் காட்டுகிறான். அவன் ஒரு விதையும் விதைக்கும் முன்பே, நூறு நூறு ஆண்டுகளாக அவனுடைய குலத்தைக் கைவிடாத அன்பு அங்கே முதலில் நிற்கிறது. கூடை கடைசியில்தான் வருகிறது. இவ்வளவையும் நம் பண்டிகைப் பிரசங்கங்கள் அழகாக எடுத்துச் சொல்கின்றன. அதற்கு அடுத்த வசனங்களுக்குத்தான் நாம் போவதில்லை. மூன்றாம் வருஷத்தில் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கும் அயலானாகிய பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுத்துத் தீர்த்த பின்பு, அதே மனிதன் அதே கர்த்தரின் சந்நிதியில் இரண்டாவது முறையாக வாய் திறந்து, பரிசுத்தமான பங்கை என் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டும். இந்த இரண்டாவது அறிக்கைதான் நம் ஆராதனை முறையில் விடுபட்டுப் போயிருக்கிறது.

ஏழைக்குக் கொடுப்பது ஏதோ ஓர் உபரி நற்செயல் என்றும், கடவுளுடைய அன்பைப் பற்றிய பேச்சு வேறு, சமூக சேவை வேறு என்றும் நினைக்கிறவர்கள் நம் நடுவில் உண்டு. அவர்கள் ரூத்தின் சரித்திரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன நகோமி கணவனையும் இரண்டு மகன்களையும் அங்கே அடக்கம் செய்துவிட்டு, சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று சொல்லிக்கொண்டு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். அந்தச் சமயத்தில் யாராவது அவளிடம் கடவுளின் மாறாத அன்பைப் பற்றிப் பேசியிருந்தால் அவள் கேட்டிருப்பாளா என்பது சந்தேகமே. அவளுடைய பேச்சு மாறுவது ஒரு சாயங்காலத்தில். வாற்கோதுமை அறுவடைக் களத்தில் பொறுக்கி, தட்டி அளந்த சுமார் ஒரு மரக்கால் தானியத்தோடு மருமகள் ரூத் வீட்டுக்குள் நுழையும்போது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக் கூடாது, சிந்திய கதிரை உடையவன் பொறுக்கக் கூடாது என்ற நியாயப்பிரமாணம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வயலின் சொந்தக்காரனான போவாஸ், பிரமாணம் கேட்டதற்கு மேலேயே செய்கிறான்: அரிக்கட்டுகளின் நடுவிலும் அவள் பொறுக்கட்டும், அவளுக்காக வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று அறுக்கிறவர்களுக்குக் கட்டளையிடுகிறான். அந்தத் தானியத்தைப் பார்த்த பிறகுதான், உயிரோடிருக்கிறவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் கர்த்தர் தயவு செய்கிறார் என்ற வார்த்தை நகோமியின் வாயில் வருகிறது. ஒரு நிலக்கிழார் தன் வயலைத் தகுந்தபடி பயன்படுத்தியதனால், ஒரு விதவை கடவுளின் உண்மையுள்ள அன்பை மறுபடியும் நம்பினாள். அதிலும் ரூத் அயல்நாட்டுப் பெண், வேற்று ஜாதியாள். இன்று நம் ஊர்ச் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் நம் பண்டிகைப் பந்தியில் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் இங்கே கேட்காமல் இருக்க முடியவில்லை.

தொலைக்காட்சியிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் இப்போது அதிகம் கேட்கும் உபதேசம் இதற்கு நேர் எதிரானது. இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுக்கலாம், காணிக்கை அனுப்புங்கள், உங்கள் கடன் தீரும் என்று சொல்லும்போது, கடவுளின் அன்பு நம் கொடைக்குக் கிடைக்கும் வட்டியாகிவிடுகிறது. புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு என்று வரும் அந்த அட்டைகளில், தேசத்தில் எளியவர்கள் இல்லாமற்போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்ற உபாகமம் 15-ஆம் அதிகார வசனத்தை எடுத்தவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஏலத்தில் அதிகம் கொடுத்தவர் அதிகம் ஆசீர்வதிக்கப்பட்டவர் என்ற எண்ணமும் இந்த உபதேசத்தின் நிழலில்தான் வளர்கிறது. நாலு முட்டையோடு வந்த தாயார் அப்போது பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

கடவுளின் உண்மை செழிப்பைக் கொண்டு அளக்கப்படுவதல்ல என்பதற்கு நாம் அதிகம் பாடும் வசனமே சாட்சி. அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவை என்ற புலம்பல் நூலின் வரிகள் அறுவடைக் களத்தில் பிறந்தவை அல்ல. பாபிலோனியரால் சுட்டெரிக்கப்பட்ட எருசலேமின் இடிபாடுகளில், பிள்ளைகள் தெருவில் பசியால் மயங்கி விழுவதைப் பார்த்த ஒருவரின் வார்த்தைகள் அவை. நம் பகுதியிலும் அப்படிப்பட்ட நாட்கள் வந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, வாழையும் நெல்லும் தண்ணீருக்குள் போயின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்ததைத் தமிழ்நாடே அறியும். அந்த மக்கள் எந்தத் தெய்வத்தை வணங்குகிறவர்கள் என்று பயணிகளில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல சமாரியன் உவமையில் ஆண்டவர் எடுத்துக்காட்டாக நிறுத்தியதும் ஆலயத்து ஆசாரியனை அல்லவே, அயலானாகிய சமாரியனைத்தானே.

நம் சொந்தச் சரித்திரம் இதில் நமக்கு நல்ல வழிகாட்டி. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தலைசாய்க்க இடமாக 1799-இல் முதலூர் என்ற கிராமம் உருவானது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், வீடு வாசலை இழந்து நின்றவர்களுக்காக நிலம் வாங்கும் பணியைச் செய்தது. இன்று பட்டாவும் தோட்டமும் வைத்திருக்கும் பல குடும்பங்களின் முதல் அடி மண் இப்படிப் பிறருடைய காணிக்கையில் கிடைத்தது. 1903-இல், பின்னாளில் பிஷப்பான அசரியாவும் அவருடைய தோழர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தபோது, ஆளும் பணமும் இந்த மண்ணிலிருந்தே போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு அப்படியே போயின. மிசோரமில் 1910 முதல் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து வருகிறார்கள். பணம் புழங்காத மலையூர்களில் தொடங்கிய அந்த வழக்கம் இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகிப் பல பணிகளைத் தாங்குகிறது. நம் வீடுகளிலும் கைப்பிடி அரிசிப் பானை இருந்தது. மாதம் முடிந்ததும் அதைச் சபை ஊழியரான உபதேசியார் வீட்டில் அளந்து ஊற்றும்போது எத்தனை படி வந்தது, யாருக்குப் போகிறது என்பது தெருவுக்கே தெரியும். பானை போய்க் காணிக்கைக் கவர் வந்த பிறகு அந்தத் தெளிவும் போய்விட்டது.

ஆகவே, ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியான சேகரத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிகளின் கவனத்துக்கு என் வேண்டுகோள் இது. பண்டிகை ஆராதனையில், முதற்பலன் படைக்கப்பட்ட உடனே, சென்ற ஆண்டுப் பண்டிகை வருமானத்தில் எத்தனை மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தப்பட்டது, எத்தனை விதவைகளுக்கு மாதந்தோறும் உதவி போகிறது, சபைக்கு வெளியில் உள்ளவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை, உதவி பெற்றவர்களின் பெயரைச் சொல்லாமல், செயலாளர் எழுந்து வாசிக்க வேண்டும். ஒன்றும் செய்யப்படவில்லை என்றால் அதையும் வாசிக்கட்டும். கோபுரத்துக்கு வர்ணம் அடித்த செலவையும் வளைவு கட்டிய செலவையும் தனியே சொல்லட்டும். ஆலயத்தைப் பராமரிப்பது தேவையே, ஆனால் திக்கற்ற பிள்ளையின் பங்கை வர்ணக் கணக்கில் எழுத முடியாது. ஏலப் பணத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை முன்கூட்டியே இதற்கென்று ஒதுக்கித் தீர்மானம் போட்டுவிட்டால், பிறகு வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, கணக்கை ஊரறிய வாசிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வசனம், தன் பெயருக்காகத் தாரை ஊதிக் கொடுக்கும் தனிமனிதனைக் குறித்தது. சபையாருடைய பொதுப் பணத்தைக் கையாளும்போது பவுல் அப்போஸ்தலன் எப்படி நடந்தார் என்பதை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காணலாம். எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்ந்த தர்மப் பணத்தைக் குறித்து ஒருவரும் தன்னைக் குற்றம் சொல்லாதபடி, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஆட்களைத் தன்னோடு வழித்துணையாகச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் எழுதினார். தவிர, ஏலத்தில் யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவிக்கும்போது இந்த இடது கை வசனம் நம்மில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஸ்தோத்திர ஆராதனைகளில் நாம் மாறி மாறி வாசிக்கும் 136-ஆம் சங்கீதம், அவர் கிருபை என்றுமுள்ளது என்று 26 முறை சொல்கிறது. வானத்தைப் படைத்ததையும் செங்கடலைப் பிளந்ததையும் ராஜாக்களைச் சங்கரித்ததையும் பாடி முடித்து, கடைசி வசனத்துக்கு முந்திய வசனத்தில் அது மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்ற இடத்துக்கு வந்து சேருகிறது. யாவுக்கும் என்ற அந்த வட்டத்துக்குள் நம் சேகரத்தின் சந்தாப் பட்டியலில் இல்லாதவர்களும் அடக்கம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்வாண்டு பண்டிகைச் செய்தி அனுப்பும் நிருபர்கள், அசனத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்கும் அதே மூச்சில், சென்ற ஆண்டுக் காணிக்கையில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்றும் செயலாளரிடம் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.