ஷெனெஃபெல்டுக்குப் போவது பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் லேசர் கூடத்தில் போஸ்ட்டாக் வேலையை (டாக்டர் பட்டத்துக்குப் பிறகான ஆராய்ச்சி வேலை) இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துத் தருகிறார்கள், ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் ஷெனெஃபெல்டில் இருக்கும் எக்ஸ்ரே லேசர் கூடத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள், எதை எடுக்கட்டும் என்று கேட்டாய். போனில் என்றால் "உன் இஷ்டம்மா" என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஷெனெஃபெல்டுக்குப் போ.

லேசரால் பொருளை நசுக்கிப் பார்க்கும் உன் வேலையை நான் என் வேலை வழியாகத்தான் புரிந்துகொண்டேன். சப்-ஸ்டேஷனில் காலம் தள்ளியவனுக்கு எல்லாமே யூனிட் கணக்கு. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்களை ஒரு சின்ன உருளைக்குள் பாய்ச்சி, அதற்குள் இருந்த சுமார் 2 மில்லிமீட்டர் ஹைட்ரஜன் எரிபொருள் உருண்டையை, அணுக்கள் ஒன்றோடொன்று இணையும்படி நசுக்கினார்கள். போனது 2.05 மெகாஜூல், வந்தது 3.15. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வந்தது ஒரு யூனிட் கூட இல்லை. லேசரை ஓட்ட வாங்கிய மின்சாரம் சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசமாக வருகிற 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் உள்ளே போன அந்த அரை யூனிட்டுச் சொச்சத்தை, ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள் கொட்டுகிறார்கள். உச்சத்தில் சுமார் 440 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது பத்து லட்சம் மெகாவாட்). நம் நாட்டின் மின் நிலையங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். நீ என்ன செய்கிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ராச்செஸ்டரின் ஒமேகா லேசரை நான் குறைத்துச் சொல்லவில்லை. 60 கதிர், 30 கிலோஜூல். அந்த அழுத்தம் ஷெனெஃபெல்டில் உனக்குக் கிடைக்காது. ஆனால் நீயே சொன்னதுதான்: ஒரு ஷாட், அதாவது லேசரை ஒரு முறை சுடுவது, முடிந்தால் லேசரின் கண்ணாடி சூடு ஆறும்வரை முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஓடினாலும் பத்துப் பன்னிரண்டு ஷாட். அந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில், லேசர் சுட வேண்டிய இலக்கை வரைந்து, செய்து, காத்துக் கிடக்கிறாய். ஷெனெஃபெல்டில் டைப்போல் என்கிற லேசர் 100 ஜூல்தான், ஆனால் நொடிக்குப் பத்து முறை சுடக்கூடியது. எக்ஸ்ரே லேசர் பக்கத்திலேயே இருப்பதால், நசுங்கும் நேரத்தில் அணுக்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்பதையே பார்க்கலாம். சோதனைக்காரிக்குக் கை பழக வேண்டும், தப்பாகிப் போனதைத் திரும்பச் செய்து பார்க்க இடம் வேண்டும். உன் வயதில் அதுதான் பெரிய சொத்து என்பேன்.

தெர்மோகோல் எதனால் ஆனதோ அதே பாலிஸ்டைரீனை 15 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கியபோது உள்ளே வைரம் உருவானதைக் கலிபோர்னியாவின் எக்ஸ்ரே லேசரில் பார்த்தார்களே, 2017-ல் வெளிவந்தது. நெப்டியூனின் உள்ளே நடப்பது இதுவாக இருக்கலாம் என்று நீ எனக்கு விளக்கிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாதிரி வேலைக்கே போம்மா.

இன்னொன்று. அமெரிக்கா 1992-ல் அணுகுண்டு வெடிப்புச் சோதனையை நிறுத்திய பிறகு, குண்டுகளைக் கணினியாலும் இந்த லேசர்களாலும் சரிபார்த்து வருகிறது, ஒமேகாவுக்கான பணத்தில் பெரும்பங்கு அந்த அணு ஆயுதத் துறையிலிருந்துதான் வருகிறது என்று ஒரு ராத்திரி சொன்னாய். தூக்கம் வரவில்லை என்றாய். அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நட்சத்திரத்தைப் படிக்கவும் அதே கருவிதான் வேண்டியிருக்கிறது. ஆனால் உன் தூக்கம் எனக்கு முக்கியம். ஷெனெஃபெல்ட் கூடம் பல நாடுகளின் ஆராய்ச்சிப் பணத்தில் நடப்பது. இதையும் தராசில் வை, கூச்சப்படாதே.

நிரந்தர வேலை எப்போது என்று பெரியம்மா கேட்பார், கல்யாணம் எப்போது என்று மற்றவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு வயதாகிறதே என்று யோசித்து இந்த முடிவை எடுக்காதே. அம்மாவும் இதையேதான் சொல்கிறாள், இப்போது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர் பேங்க் எந்த ஊரில் இருந்தாலும் கெப்பாசிட்டர் பேங்க்தான். சார்ஜ் இறங்கிவிட்டது என்று திரையில் காட்டினாலும், மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடு வைத்துப் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும். மின்சாரம் நிறுத்தியாயிற்று என்ற உறுதியை, லைன் கிளியரை, வாங்காமல் கம்பியைத் தொட்ட நல்ல ஆட்களை நாங்கள் இழந்திருக்கிறோம். அங்கே அதற்கென்று ஆள் இருந்தாலும் நீயும் கேள்.

உனக்கு ஒதுக்கியிருக்கும் ஷாட் தினத்தை முடித்து, தரவை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. ஷெனெஃபெல்டுக்கு இந்த வாரமே சம்மதம் எழுதிவிடு. ஜெர்மன் விசாவுக்குப் பட்டச் சான்றிதழின் அசல் தேவைப்பட்டால் சொல், பீரோவில்தான் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா