தரங்கம்பாடி ரயிலைக் கண்முன் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

மயிலாடுதுறை மாவட்டத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் ஊர்கள், ரயில் ஸ்டேஷன்கள், பழைய கட்டடங்கள் பற்றிய கண்காட்சி உங்கள் புண்ணியத்தில் நல்லபடியாக நடந்து முடிந்தது. தனி மாவட்டமானது 2020-இல்தான். ஆனால் சொல்ல வேண்டிய கதைக்குப் பல நூற்றாண்டு வயது. நீங்கள் பீரோவையும் பரணையும் திறந்து கொடுக்காவிட்டால் எங்களிடம் வெறும் சுவர்தான் இருந்திருக்கும்.

முதல் நன்றி, தரங்கம்பாடி ரயிலில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு. மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே 1926-இல் ஓடத் தொடங்கி 1986-இல் நின்றுபோன மீட்டர் கேஜ் பாதை அது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போகும். செம்பனார்கோவில் பக்கத்துப் பெரியம்மா ஒருவர், தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து மறைந்த தம் கணவரின் தகரப் பெட்டியைப் பூட்டோடு எங்களிடம் ஒப்படைத்தார். உள்ளே ஓர் அட்டை டிக்கெட். ஓரத்தில் டிக்கெட் பரிசோதகர் போட்ட வெட்டு. ஒரு முனையில் தேதி முத்திரை. மை மங்கிவிட்டது, ஆனால் எழுத்து அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. பிள்ளைகள் வரிசைகட்டி நின்றது அந்தச் சின்ன அட்டையைப் பார்க்கத்தான். “இதெல்லாம் யாருக்குப்பா வேணும்” என்று தயங்கினீர்களே பெரியம்மா, எத்தனை பேருக்கு வேண்டியிருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள்.

அடுத்து, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு. காந்தியடிகள் தில்லையாடிக்கு இந்த ரயிலில்தான் வந்து இறங்கினார் என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள். ஐயா மறுத்துப் பேசவில்லை. ஒரு தாளில் ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதினார். காந்தியின் அறப்போராட்டத்தில் சேர்ந்து, தென்னாப்பிரிக்கச் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்த வள்ளியம்மை மறைந்தது 1914. அவர் குடும்பத்தின் ஊரான தில்லையாடியைப் பார்க்கக் காந்தி வந்தது 1915. தண்டவாளம் வந்ததோ அதற்கும் 11 ஆண்டு கழித்து. கேட்க இனிக்கும் கதைதான், விட மனசு வராது. ஆனாலும் பிள்ளைகள் படிக்கும் பலகையில் தப்பு ஏறக்கூடாது என்று ஐயா காட்டிய கண்டிப்புக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தரங்கம்பாடியில் 1620-இல் எழும்பிய டேனியர் கோட்டையையும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் உச்சி வெயிலில் நின்று படமெடுத்த கல்லூரித் தம்பிகளே, உங்கள் படங்களைத்தான் வந்தவர்கள் தேடித் தேடிக் கேட்டார்கள். டேனியர் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனதை அறிந்து வியந்தவர்கள் ஏராளம். மாயவரம் என்ற நம் மயிலாடுதுறையின் மணிக்கூண்டுக்கும் ஒரு கதை உண்டு: உலகப் போரில் நேச நாடுகள் துனிசியாவில் வென்றதன் நினைவாக 1943-இல் எழுந்தது. அதைக் கழுத்து வலிக்காமல் படமெடுக்க மொட்டை மாடியைத் திறந்துவிட்ட கடைக்கார அண்ணாச்சிக்குத் தனி நன்றி. சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில் ஸ்டேஷன்களின் பழைய படங்களைத் தந்தவர்களுக்கும், இரவில் பலகைகளுக்குக் காவல் இருந்த பள்ளிக்கூட வாட்ச்மேன் ஐயாவுக்கும், சாப்பாடு அனுப்பிய அக்காமார்களுக்கும் எங்கள் கும்பிடு.

இரவல் தந்த பொருள்களை எல்லாம் துணியில் சுற்றிப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை பள்ளிக்கூடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வர முடியாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்போம்.