கண்டித் தங்கச்சி கையால்

கோத்தகிரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக கொழும்புக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. போனில் பேசினால் நடுவில் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன். நீ அங்கே இருக்கும் மூன்று வாரத்தில் ஒரு சனி ஞாயிறு எனக்காக ஒதுக்கு. மலைநாட்டில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டப் பக்கம், மஸ்கெலியா வரை போய் வர வேண்டும்.

நாம் 'சிலோன்காரங்க' என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன்னை அப்படிக் கூப்பிட்டதற்கு அழுதுகொண்டு வந்தாய். அங்கே இருந்தபோது எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், கள்ளத்தோணி என்றார்கள். 1948இல் சட்டம் போட்டு குடியுரிமை இல்லை என்றாக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேங்காய் பங்கு போட்ட மாதிரி. அந்தந்தக் குடும்பத் தலைவர் ஏதாவது ஒரு நாட்டுக்கு மனுப் போட வேண்டும். உன் தாத்தா இந்தியாவுக்குப் போட்டார். அவருடைய ஒரே தங்கச்சியின் புருஷன் இலங்கைக்குப் போட்டார். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா. ஒரே சுவர். அவ்வளவுதான்.

1973இல் நாங்கள் கிளம்பினோம். எனக்குப் பத்து வயது. அந்த ரயிலுக்கு எங்கள் தோட்டத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஹட்டன் ஸ்டேஷனில் அத்தை என் சட்டைப் பையில் ரொட்டியும் சம்பலும் பொட்டலம் கட்டி வைத்தது. சம்பல் எண்ணெய் கசிந்து புதுச் சட்டை பாழாய்ப் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறும் வரைக்கும் அந்தச் சட்டைக்காகத்தான் அழுதேன், அத்தைக்காக இல்லை. தாத்தா ஜன்னல் வழியாக, "ஒரு வருசத்துல சொந்தக் காட்டுல நிப்பேன், கடுதாசி போடுறேன்" என்றார். காடு என்றது சொந்த நிலத்தை.

போடவில்லை. மண்டபம் முகாமில் இறங்கினோம். (தாத்தாவின் அப்பாவை, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிப் போனதும் அதே மண்டபம் வழியாகத்தான். அப்போது அது சிலோன் சர்க்கார் நடத்திய முகாம்.) அங்கே வியாபாரக் கடன் தருவதாகச் சொல்லி கையெழுத்து வாங்கினார்கள். கைநாட்டு என்று சொல்ல வேண்டும். கூடவே சுற்றிய ஒரு தரகர், மளிகைக்கடை வைத்துத் தருகிறேன் என்று பணத்தோடு போய்விட்டார். சரி, சொந்த ஊருக்குப் போவோம் என்று துறையூர்ப் பக்கம் போனார் தாத்தா. இரண்டாம் நாளே திரும்பினார். பங்காளிகள் சோறு போட்டார்கள், "எப்ப கிளம்புறீங்க" என்றும் கேட்டார்களாம். கடைசியில் தெரிந்த தொழிலைத் தேடி கோத்தகிரிக்கு வந்து, கூலிக்குத் தேயிலைக் கவாத்து வெட்டினார். சாகும் வரை அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. உனக்குக் காது குத்தியது குலதெய்வம் கோயிலில் இல்லை, இங்கே மாரியம்மன் கோயிலில்தான். ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அத்தையிடமிருந்து நீலநிறக் கடிதங்கள் வந்தன. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் சத்தமாகப் படிப்பேன். "அண்ணே, காடு எப்புடி இருக்கு, மழை உண்டா" என்று கேட்டிருக்கும். தாத்தா கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கி தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போய் பீடி பற்ற வைப்பார். பதில் எழுது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பாப்பா, அப்போதெல்லாம் எழுதத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருவன்தான். விலாசமும் தெரியும். அவரிடம் கேட்காமலே நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. 83 கலவரத்துக்கு அப்புறம் கடிதம் நின்றது, அடுத்த வருஷம் கப்பலும் நின்றது. ரொம்ப காலம் கழித்து எழுதினேன். டிவிஷன் பெயர், லயம் நம்பர் எல்லாம் போட்டு அனுப்பியது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு குடும்ப அட்டையை எடுத்துப் பார்த்தேன். மண்டபத்தில் கொடுத்தது. அதில் பூர்வீக ஊர் இருக்கிறது, ஆனால் எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். தாத்தா பெயரிலேயே பாதியைக் காணோம். அதே மாதிரி பெயரில் துறையூர்ப் பக்கம் இரண்டு ஊர் இருக்கிறது. முதல் ஊரில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன், யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது ஊரில் டீக்கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க குலசாமி எது?" கருப்புசாமிக்குக் கிடா வெட்டுவோம், கூடவே ஒரு வேலமரம் உண்டு என்று அப்பாயி சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். சைக்கிளில் ஒரு பையனைக் கூட அனுப்பினார்.

பூசாரி வீட்டில் பழைய வரி நோட்டுகள் இருந்தன. மூன்று வருஷத்துக்கு ஒரு திருவிழா, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. விட்டுப்போன தலைக்கட்டுக்குப் பரிவட்டம் கிடையாது, பிறகு பெயரையும் அடித்துவிடுவார்கள். தாத்தா பெயரை அடித்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் புரட்டினேன். அடிக்கவில்லை. 1974, 77, 80, 83, நான்கு திருவிழாவுக்கும் வரி கட்டியிருக்கிறது. பெயருக்கு நேரே பென்சிலில், 'வரவு, கண்டித் தங்கச்சி கையால்'. நாங்கள் இருந்த மலைநாட்டையே ஊரில் கண்டி என்றுதான் சொல்வார்கள்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வரி கிடையாது. அது அத்தைக்கும் தெரியும். கப்பல் ஏறுகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்து அனுப்பியிருக்கிறது. தாத்தா இங்கே, பஸ் ஏறினால் ஒரு நாளில் போகிற தூரத்தில், பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பாக்கியைக் கட்டிவிட்டு போன் நம்பரை நோட்டில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். போன மாதம், சமயபுரத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஒரு பெண் அங்கிருந்து கார் பிடித்து அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அத்தையின் பேத்தி. ஆயா சொன்ன ஊர் என்று தேடி வந்திருக்கிறாள். பூசாரி என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். "நீங்க ரொட்டி பொட்டலத்துச் சட்டைக்காரவுகளா?" என்று கேட்டாள் பாப்பா, எடுத்த எடுப்பில். அத்தை 2009இல் போய்விட்டதாம்.

அவள் அப்பா எனக்கு மச்சான் முறை. அப்படியானால் அவள் உனக்கு மதினி. உன்னைவிட நாலு வயது மூத்தவள், பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு இன்னொரு பஸ். நாங்கள் இருந்த காலத்திலேயே பழைய டவுன் மவுசாகலை அணைக்குள் முழுகிவிட்டது. நீ பார்க்கப்போவது புது டவுன். வானம் தெளிவாக இருந்தால் சிவனொளிபாதமலை தெரியும்.

நோட்டின் அந்த நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மச்சானிடம் கொடு. தாத்தா ஏன் கடிதம் போடவில்லை என்று கேட்பார்கள். காட்டில் நிற்கவே இல்லை, அந்த வெட்கம்தான் என்று சொல்லிவிடு. மறைக்க வேண்டாம். படித்துக் காட்டிய பையன் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், அதற்கு என்னிடமே பதில் இல்லை, என்னைக் கூப்பிடச் சொல்.

அத்தையை அடக்கம் செய்த இடம் மூன்றாம் நம்பர் மலைக்குக் கீழே, ஆற்றோரம். தேயிலைக்குள்தான் வழி. மழைக்காலமாக இருந்தால் அட்டை ஏறும், காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போ. சோப்பைத்தான் சொல்கிறேன். உன் மதினியோடு போனில் பேசிப் பேசி பழைய பேச்சு வந்துவிட்டது.

அப்பா