காசியபருக்குப் புத்தர் சொன்ன பதிலையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை உங்கள் ஆன்மிக இணைப்பில் பௌத்தத்தின் பன்னிரு சார்புகள் பற்றி, அதாவது ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் எப்படி வருகிறது என்று சொல்லும் பன்னிரண்டு கண்ணிகளைப் பற்றி, ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒரு நாளிதழ் இந்த விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு நன்றி. பேதைமையில் தொடங்கி செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்) என்று வினைப்பயன் வரைக்கும் வரிசை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர், இன்று நாம் படும் ஒவ்வொரு துன்பமும் போன பிறவியில் நாமே விதைத்தது, ஆகவே யாரையும் நொந்து பயனில்லை, இதுதான் புத்தர் கண்ட சார்புக் கொள்கை என்று முடித்துவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. புத்தர் இப்படிச் சொல்லவில்லை. சொல்லப்போனால் இப்படிச் சொன்னவர்களை நேருக்கு நேர் மறுத்திருக்கிறார், அது பாலி நூல்களிலேயே இருக்கிறது.

ராஜகிருகத்தில் ஒரு காலை, புத்தர் பிச்சைக்குக் கிளம்பி ஊருக்குள் வருகிறார். காசியபர் என்ற ஆடை துறந்த துறவி எதிரே வந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறார். இது அதற்கு நேரமில்லை, வீடுகளுக்கு நடுவே வந்துவிட்டோம் என்கிறார் புத்தர். காசியபர் விடுவதாக இல்லை. மூன்றாவது முறையும் கேட்ட பிறகு, சரி, கேளுங்கள் என்று ஆகிறது. துன்பம் அவனவன் தானே செய்துகொண்டதா? அப்படிச் சொல்லாதே காசியபா. அப்படியானால் இன்னொருவர் செய்ததா? அப்படியும் சொல்லாதே. இரண்டும் சேர்ந்தா? இல்லை. காரணமே இல்லாமல் தற்செயலாக வந்ததா? அதுவும் இல்லை. காசியபருக்குக் குழப்பம், அப்போ துன்பம் என்று ஒன்று கிடையாதா, இல்லை உங்களுக்குத்தான் தெரியவில்லையா என்கிறார். இருக்கிறது காசியபா, எனக்குத் தெரியும், பார்க்கிறேன் என்கிறார் புத்தர். செய்தவனும் அனுபவிக்கிறவனும் அச்சு அசலாக ஒரே ஆள் என்றால் என்றைக்கும் மாறாத ஓர் ஆன்மா இருப்பதாக ஆகிவிடும், முற்றிலும் வேறு ஆள் என்றால் செய்ததற்கும் விளைந்ததற்கும் தொடர்பே அறுந்துவிடும், இந்த இரண்டு பக்கமும் போகாமல் நடுவே நின்று சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அதற்கப்புறம்தான் பேதைமையைச் சார்ந்து செய்கை, செய்கையைச் சார்ந்து உணர்வு என்று பன்னிரண்டையும் சொல்கிறார். உங்கள் கட்டுரை எந்தப் பதிலில் போய் முடிந்ததோ, அந்தப் பதிலை முதலிலேயே மறுத்துவிட்டுத்தான் புத்தர் இந்தக் கொள்கையைத் தொடங்குகிறார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. நான் வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் பிள்ளை டெங்குவில் போய்விட்டாள். துக்கம் கேட்கப் போயிருந்தேன். வாசலில் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம் அப்படியே நின்றது, மூடி உடைந்துபோனதால் பழைய புடவைத் துணியைப் போட்டு நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள், துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்திருந்த பெரியவர் ஒருவர், நல்ல மனுஷர்தான், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அது வாங்கிட்டு வந்தது அவ்வளவுதாம்மா, போன ஜென்மத்துக் கணக்கு" என்றார். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அப்படி நான் என்னண்ணா பாவம் பண்ணேன்" என்று அவரைக் கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் கொலைப்பழியையும் தூக்கிப்போடுகிற பேச்சு அது. அதே பேச்சு புத்தர் பெயரில் அச்சாகி வந்தால் எப்படிச் சும்மா இருப்பது?

அந்தச் சாவு எதையெதைச் சார்ந்து வந்தது என்று பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரியும், சுமார் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். தெருவில் தண்ணீர் முறைவைத்து வருவதால் டிரம், ஒற்றை அறை வீட்டில் தொட்டி கட்ட இடமில்லாததால் டிரம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, அக்கம்பக்கத்தில் ஊசி போட்டார்கள், நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் அப்பாடா என்றிருந்தார்கள். டெங்குவில் ஆபத்தே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்த அழுத்தம் சரியும். வயிறு வலிக்குது, வாந்தி வருது என்று அவள் சொன்னது காய்ச்சல் விட்ட பலவீனம் என்று நினைத்துவிட்டார்கள், அப்பாவுக்குத் தினக்கூலி வேலை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவு போய்விட்டது. இதில் யாரையும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு குற்றவாளி இதில் கிடையாது, தலையெழுத்தும் கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வந்த நிபந்தனைகள் இருக்கின்றன, அவற்றில் சில நம் கைக்கு எட்டுகிறவை.

டிரம்மும் கொசுவும் பன்னிரண்டில் எங்கே வருகின்றன என்று கட்டுரையாளர் கேட்கலாம். பன்னிரண்டில் வரவில்லைதான். பன்னிரண்டும் பிறப்பும் வேட்கையும் துன்பமும் ஒரு மனிதருக்குள் எப்படிச் சுழல்கின்றன என்பதைச் சொல்கின்றன. அதற்கு அடியில் இருக்கிற விதி பொதுவானது: இது இருந்தால் அது இருக்கும், இது தோன்ற அது தோன்றும், இது இல்லாவிட்டால் அது இல்லை, இது ஒழிய அது ஒழியும். நோயைப் பற்றியே புத்தரிடம் நேரடியாகக் கேட்டவரும் உண்டு. மோலிய சீவகர் என்ற துறவி, மனிதன் அனுபவிக்கிற எல்லாமே முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். பித்தத்தால் வருகிற வேதனை உண்டு, கபத்தால், வாதத்தால், மூன்றும் கூடுவதால் வருவது உண்டு, பருவம் மாறுவதால், உடம்பைச் சரியாகக் கவனிக்காததால், வெளியிலிருந்து தாக்கப்படுவதால் வருவதும் உண்டு, வினைப்பயனால் வருவதும் உண்டு என்று எட்டு சொன்னார் புத்தர். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாமே முன்வினை என்கிறவர்கள் தாங்களே அனுபவத்தில் அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள், அது தவறு என்று முடித்தார். இன்னோர் இடத்தில் இன்னும் கடுமையாகவே சொல்கிறார்: எல்லாம் முன்வினை என்றால் கொலை செய்கிறவனும் முன்வினையால்தான் செய்கிறான், அப்புறம் இதைச் செய்யலாம் இதைச் செய்யக்கூடாது என்று முயலுவதற்கே இடமில்லாமல் போய்விடும்.

மணிமேகலையிலேயே முற்பிறப்பு வருகிறதே என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. அவளே போன பிறவியில் இலக்குமி, கணவன் இராகுலன். பௌத்தம் வினையை இல்லை என்று சொல்லவில்லை, வினை ஒன்றே எல்லாம் என்பதைத்தான் ஏற்கவில்லை. மணிமேகலை என்ன செய்தாள் என்பதையும் பார்க்க வேண்டும். பசித்தவர்களிடம் இது உங்கள் பழைய கணக்கு என்று அவள் சொல்லவில்லை, அமுதசுரபியில் சோறு போட்டாள். சிறைக்குள் வாடியவர்களுக்கும் சோறு போட்டு, அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். பஞ்சத்தில் கிடந்த காஞ்சிக்குப் போனவள் முதலில் ஊர்ப்பசியைத் தீர்த்துவிட்டுத்தான் பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் தருமம் கேட்க உட்கார்ந்தாள். அங்கே, 30-ஆம் காதையில், பேதைமை சார்வாச் செய்கை ஆகும் என்று ஏறுவரிசையில் சொன்ன அடிகள், உடனே பேதைமை மீளச் செய்கை மீளும் என்று அவிழ்க்கிற வரிசையையும் சொல்கிறார். உங்கள் கட்டுரையில் அந்த இரண்டாம் பாதி ஒரு வரிகூட இல்லை. அது இல்லாவிட்டால் மிஞ்சுவது தலைவிதிதான், அதைச் சொல்ல புத்தர் தேவையில்லை.

சமூகத்தைப் பற்றியும் இதே கொள்கை பேசுகிறது. மகாநிதான சுத்தம் என்ற பாலி உரையில், இந்தச் சார்புக் கொள்கை எனக்குத் தெளிவாகவே புரிகிறது என்று சீடர் ஆனந்தர் சொல்ல, அப்படிச் சொல்லாதே ஆனந்தா, இது ஆழமானது என்று தடுத்துவிட்டு, வேட்கையிலிருந்து ஒரு கிளையைப் பிரிக்கிறார் புத்தர்: வேட்கையால் தேடல், தேடலால் ஈட்டம், அதிலிருந்து ஆசை, உடைமை, கஞ்சத்தனம், காவல், காவலின் பொருட்டுத் தடியும் ஆயுதமும் சண்டையும் பொய்யும். வேறோர் உரையில் அரசன் ஏழைகளுக்குப் பொருள் கொடுக்காததால் வறுமை, வறுமையால் திருட்டு, திருட்டால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை என்று போகிறது. திருடனின் முன்வினையிலிருந்து அந்தக் கதை தொடங்கவில்லை.

சென்னையில் இதை எழுத வேண்டியிருப்பதுதான் இன்னும் வருத்தம். இராயப்பேட்டையில் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் வைத்த அயோத்திதாசர் சித்த மருத்துவர். பிறப்பால் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களைப் பூர்வ பௌத்தர்கள் என்று சொல்லி எழுப்பியவர், 1907-இல் அதே இராயப்பேட்டையிலிருந்து ஏழை ஜனங்களும் வாங்கிப் படிக்க ஒரு பைசாவுக்குப் பத்திரிகை நடத்தியவர். உன் நிலைமை உன் முன்வினை என்ற பேச்சை எதிர்த்து இந்த ஊரில் பௌத்தம் திரும்ப வந்தது, அதே பேச்சைப் பௌத்தம் என்று சொல்லி இந்த ஊர்ப் பத்திரிகையில் போடலாமா?

உங்களிடம் கேட்பது இதுதான். காசியபரோடும் சீவகரோடும் புத்தர் பேசியது இரண்டுமே சின்னப் பகுதிகள், அவற்றை நல்ல தமிழில் அடுத்த இணைப்பில் வெளியிடுங்கள், கால்பக்கம் போதும். மணிமேகலை 30-ஆம் காதையின் அந்த மீளும் பகுதியையும் உரையோடு சேர்த்தால் நல்லது. அப்புறம், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், டெங்குவில் காய்ச்சல் விட்டதும் கவனிக்க வேண்டியவற்றை, கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு படுத்துக்கொள்வது, சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதை, ஒரு மருத்துவரிடம் கேட்டு அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வியாசர்பாடி, சென்னை