நூலகர் அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஓமானில் கிடைத்த பள்ளி ஆசிரியை வேலைக்கான விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்தது. மூன்று தடவை திறந்து என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஞாயிறு இரவு திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு விமானம்.

எட்டு மாதமாக என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். பட்டத்தில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கதையை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை, கேட்க உங்களுக்கும் இருக்காது. பட்டச் சான்றிதழின் பின்பக்கம் இப்போது அப்போஸ்டில் ஸ்டிக்கர், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் அத்தாட்சி, ஒட்டியிருக்கிறது. இந்தத் துண்டுக் காகிதத்துக்காகவா இத்தனை என்று நேற்றுகூட விரலால் தடவிப் பார்த்தேன்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் எனக்காக எந்த அலுவலகப் படியும் ஏறவில்லை, யாரிடமும் சிபாரிசு பேசவில்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நூலகர் அம்மா அவர்.

மே மாதக் கடைசியில் வேலையை விட்டேன். ஆகஸ்டில் அங்கே பள்ளி திறக்கும்போது சேர்வதாகப் பேச்சு. பழைய பள்ளியில் பிரிவு உபசாரம் நடத்தி, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். சால்வையை வாங்கிக்கொண்டு அதே ஊரில் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. மாவு மில், மருந்துக்கடை, கோயில் வாசல், எங்கே போனாலும் "டீச்சர், இன்னும் கிளம்பலையா?" கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அக்கறையில் கேட்டவர்கள். ஆனாலும் ஒரே நாளில் ஐந்து பேருக்குப் பதில் சொல்லி முடித்து, ஆறாவது ஆளிடம் "அடுத்த வாரம்" என்று பொய் சொன்னேன். அடுத்த வாரம் அதே மில்லில் அவரையே பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்குப் போகிற அதே கைப்பையை மாட்டிக்கொண்டு காலையில் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் நூலகர் அம்மா உறுப்பினர் படிவம் கொடுத்தார். பெயர், முகவரி எல்லாம் எழுதினேன். 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. என்ன எழுதுவது? காலியாகவே விட்டு நீட்டினேன். அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார். தன் பச்சை மூடிப் பேனாவைத் திறந்து, அந்தக் கட்டத்தில் 'ஆசிரியர்' என்று எழுதினார். "மின்விசிறிக்குக் கீழ உக்காருங்க டீச்சர், அங்கதான் காத்து வரும்" என்றார். அவ்வளவுதான். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பேப்பர் படிக்கிற பாவனையில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 12, இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள் அன்று, அங்கே அவர் படத்துக்கு மாலை போட்டார்கள். நூலகர் அம்மா ஐந்து நிமிடம் பேசினார். சீர்காழிக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார், போன புதிதில் அந்த அமைதி தாங்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார் என்று சொன்னார். பொதுவாகத்தான் பேசினார். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் கணக்கு டீச்சர் நான் ஒருத்திதான். ஓமானில் என் வகுப்பு தொடங்கியிருக்க வேண்டிய மாதமும் அதுதான்.

பிறகு ஒருநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காரணிப்படுத்தல் புரியவில்லை என்று அவரிடம் போய் நின்றான். "அந்தா இருக்காங்க பாரு கணக்கு டீச்சர், அவங்ககிட்டக் கேளு" என்று என் பக்கம் கைகாட்டினார். அடுத்த வாரம் நான்கு பேர். டிசம்பரில் பதினொரு பேர். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் கிசுகிசுத்த குரலில் இயற்கணிதம் நடத்திய ஒரே ஆசிரியை நானாகத்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அந்த ஒரு நாளைத் தள்ளத்தான் பெரும்பாடு. (ஓமானிலும் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. பழகிவிட்டேன்.)

மற்றவர்களுக்கும் நன்றி சொல்லாமல் போனால் என்னை மன்னிக்க மாட்டீர்கள். எனக்காகப் பல்கலைக்கழகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் அலைந்த தம்பி, காலாவதியான மெடிக்கலை மறுபடி எடுக்க விடியற்காலை வண்டியோட்டிய கணவர், மகளுக்கு இனி தினமும் தலைவாரப் போகிற அத்தை, ஜெராக்ஸ் கடை அண்ணன், நோட்டரி சார், கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு கிலோ கொண்டுவந்து பெட்டியின் எடையை ஏற்றிவிட்ட பழைய பள்ளித் தோழிகள், எல்லோருக்கும். வேறு ஆளைப் போடாமல் எட்டு மாதம் இடத்தை வைத்திருந்த மஸ்கட் பள்ளி முதல்வருக்கும். நியமனக் கடிதத்தில் சம்பளத்துக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று சைபர் இருந்தது. ரியாலுக்கு 1000 பைசா என்று தெரியாமல் புள்ளியைக் கவனிக்காமல் படித்து, ஒரு நிமிடம் கோடீஸ்வரியாக இருந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கும் நன்றி.

ஒரு காரியம் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருஷம் வகுப்பாசிரியையாகப் பத்தாம் வகுப்பு நாமினல் ரோலை, அதாவது பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை, எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். பிள்ளைகளின் இனிஷியலை ஒரு ஓட்டம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவள்தான் நானும். சி.பி.எஸ்.இ.-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயரைப் பதிவு செய்கிறார்கள். இனிமேல் என் கைக்கு வருகிற ஒவ்வொரு பெயரையும் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத்தான் அனுப்புவேன். பிள்ளைகள் சலித்துக்கொள்ளட்டும்.

நேற்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எட்டு மாதத்தில் ஊரே கேட்ட கேள்வியை நீங்கள் மட்டும் கேட்கவில்லையே அம்மா என்றேன்.

"கேட்டா வர்றத நிறுத்திருவீங்கள்ல" என்றார், பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே.

உறுப்பினர் அட்டையையும் நீட்டினேன். அதை வாங்கவில்லை. "லீவுக்கு வருவீங்கள்ல, அப்பப் படிக்க என்ன செய்வீங்க? வச்சுக்கிடுங்க."

பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்