புதிய செவிலியரை மனநல வார்டில் தனியே விடாதீர்கள்

மனநல மருத்துவமனைகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம். பட்டம் பெற்ற கையோடு மனநலப் பணியை விரும்பி வருபவர்களிடம், "இரண்டு வருடம் பொது வார்டில் இருந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஆர்வம் வேறு பக்கம் போய்விடும். அவர்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சேர்த்த வாரமே வார்டுச் சாவியைக் கொடுத்து இரவுப் பணிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை எடுக்கும் ஒருவர் உட்காரவே முடியாமல் முன்னும் பின்னும் நடக்கிறார். நோய் முற்றுகிறது என்று புதியவர் நினைப்பார். இன்னொரு ஊசிக்கு மருத்துவரை அழைப்பார். அது அகதீசியாவாக, அதாவது மருந்தே உண்டாக்கும் இருப்புக்கொள்ளாமையாக இருந்தால், அந்த ஊசி வேதனையைக் கூட்டும். அனுபவமுள்ளவர் முதலில் நோயாளியிடமே கேட்பார்: "கால் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறதா?" பாடநூலில் இது ஒரு வரி. நோயாளியின் நடையில் அதைக் கண்டுகொள்ள, அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தாலோ, இன்னொரு மனநோய் மருந்தான குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தாலோ உடனே இரத்தப் பரிசோதனையை நினைக்கும் பழக்கமும் அப்படித்தான் வரும்.

பேச்சுக்கும் பயிற்சி வேண்டும். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பல புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதை அறிந்திருப்பது வேறு, குரல் தடுமாறாமல் கேட்பது வேறு. முதலில் சக செவிலியரிடம் கேட்டுப் பழகட்டும். பிறகு மூத்தவர் உடனிருக்க நோயாளியிடம் கேட்கட்டும். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே இந்தப் பணியின் மையம் என்று அமெரிக்கச் செவிலியர் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இலேயே எழுதினார். நம் பணிப்பட்டியல்களோ இன்றும் மருந்து கொடுக்கும் நேரங்களைச் சுற்றியே அமைகின்றன.

வார்டில் தாக்குதலோ தற்கொலை முயற்சியோ நடந்தால், புதியவரிடம் அறிக்கை மட்டும் வாங்கி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். யாராவது ஒருவர் அவருடன் உட்காருங்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான். ஆனால் பயந்துபோன புதியவர் சில மாதங்களில் விலகினால் அந்தப் பற்றாக்குறைதான் பெருகும். ஆகவே அடுத்த மாதப் பட்டியலை எழுதும்போது, தொடக்க வாரங்களில் புதியவரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் ஆறு மாதங்களுக்கு அதே ஷிப்டில் ஒரு மூத்தவரை அவருடன் இணையுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் தன் சந்தேகங்களையும் அச்சங்களையும் பேச அவருக்கு ஒதுக்குங்கள். கேட்பவர் அவரைப் பற்றிப் பணி மதிப்பீடு எழுதுபவராக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு மனநலச் செவிலியர்